தங்களுக்காக வாங்கிய கமோடு கூடத்தில் இருக்கிறது

மதிப்பும் பிரியமும் என்றும் குறையாத சம்பந்தி அவர்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் எங்கள் இருவரின் வணக்கம். வழக்கமாக இந்த இடத்தில் நாங்கள் சௌக்கியம் என்று எழுதுவேன். இந்த முறை கை வரவில்லை. தாங்கள் இருவரும் அங்கே சௌக்கியமாகவும், முக்கியமாக ஈரமில்லாமலும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் இப்போது மடங்குகிறதா? வலது கால்தானே? என் மனைவி இடது என்கிறாள். எந்தக் கால் ஆனாலும் அதில் அடிபட்டது எங்கள் வீட்டில் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் இங்கே வந்து தங்குவதாக இருக்கிறீர்களே, அந்தப் பயணத்தைத் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். தப்பாக நினைக்காதீர்கள். பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்திக்கு வராதே என்று எழுதும் நிலைமை எதிரிக்கும் வரக்கூடாது. ஆனால் வீட்டின் நிலைமை அப்படி. எப்படி என்று சொன்னால்தான் மன்னிப்பீர்கள் என்பதால் முழுவதையும் எழுதுகிறேன்.

போன தடவை எங்கள் பின்னறைக் குளியலறையில் தாங்கள் வழுக்கி விழுந்தபோது ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. காலை நீட்டியபடியே வண்டியில் ஏறி, கையை ஆட்டிவிட்டுப் போனீர்கள். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அதற்கப்புறம் எத்தனை முறை கூப்பிட்டாலும் ஏதாவது ஒரு காரணம். கடைசியில் என் மகளிடம் நேராகவே கேட்டேன். "மாமாவுக்குக் கோபமெல்லாம் இல்லப்பா. உங்க வீட்டு பாத்ரூம்னா பயம், அவ்வளவுதான்" என்றாள். கோபம் என்றால் காலில் விழலாம். பயத்துக்கு என்ன செய்வது? நடுவில் மாட்டிக்கொண்டு தவிப்பது அவள்தான். அங்கே எங்களை விட்டுக்கொடுக்க முடியாது, இங்கே உங்களை விட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே குந்தி உட்காரும் பழையதைப் பெயர்த்துவிட்டு வெஸ்டர்ன் கமோடு வைத்து, இரண்டு பக்கமும் பிடித்து எழுந்திருக்கக் கைப்பிடி போட்டு, வழுக்காத தரையும் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அதைக் கேட்டுத்தான் தாங்களும் வரச் சம்மதித்தீர்கள். என் வாழ்க்கையில் நான் நிதானமாக யோசித்து எடுத்த முடிவுகளில் இதுவும் ஒன்று. அதனால்தான் இப்படி ஆகிவிட்டதோ என்னவோ.

பிளம்பர் வந்தார். எட்டிப் பார்த்தார். "அஞ்சு நிமிஷ வேலை சார்" என்றார். எதைக் கேட்டாலும் அவருக்கு அஞ்சு நிமிஷம்தான். அதனால் என் மனைவி அவருக்கு 'அஞ்சு நிமிஷம்' என்றே பெயர் வைத்துவிட்டாள். "ஏங்க, அஞ்சு நிமிஷம் வந்திருக்காரு, கதவத் திறங்க" என்று அவள் சொல்வதைக் கேட்டு, விஷயம் தெரியாத விருந்தாளி ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். அஞ்சு நிமிஷம் முதல் நாளே தரையை உடைத்தார். உடைத்த வேகத்தில் உள்ளே ஓடிய குழாயையும் சேர்த்து உடைத்தார். தண்ணீர் நேராகக் கூரைக்குப் போய், அங்கே இடமில்லை என்று தெரிந்துகொண்டு எங்கள்மேல் இறங்கியது. அவர் கட்டைவிரலால் குழாயை அடைத்துக்கொண்டு, "சார், மெயின் வால்வ மூடுங்க!" என்று கத்தினார். ஓடிப்போய்த் திருகினேன். வால்வு அசையவில்லை, அதன் கைப்பிடி மட்டும் என் கையோடு வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டே மொட்டை மாடிக்கு ஏறினேன். தொட்டியைச் சுற்றி நாலைந்து வால்வு. எது எதற்கு என்று யாருக்குத் தெரியும்? ஒன்றை மூடிவிட்டு, "நின்னுச்சா?" என்று கத்தினேன். "இல்ல சார், இப்ப சுடுதண்ணியா வருது!" என்றார். சம்பந்தி, நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியாராக இருந்தவன். எந்த நதி எங்கே உற்பத்தியாகி எங்கே கலக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து புறப்பட்டு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒருவழியாகக் குழாயை ஒட்டினார், தரையைப் பூசினார், கமோடையும் உட்காரவைத்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. என் மனைவி தூர நின்று பார்த்து, "சம்பந்திக்கு ஏத்த உயரம்" என்று ஒரு பெருமூச்சு விட்டாள். வெள்ளோட்டமாக நானே ஃப்ளஷை அமுக்கினேன். தண்ணீர் சுழன்று போனது. போன சத்தம் அடங்குவதற்குள் சமையலறையிலிருந்து வேறொரு சத்தம் கேட்டது. குடுகுடுவென்று, யாரோ தொண்டையைக் கனைப்பது போல.

"ஏங்க! அங்க என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே."

"நீங்க பண்ணது இங்க தொட்டில ஏறி வருது. வந்து பாருங்க!"

போய்ப் பார்த்தேன். பாத்திரம் கழுவும் தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தது. பாதி கழுவிய குக்கரைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி அவள் நின்றாள். அவள் முகத்தை நான் வர்ணிக்கப்போவதில்லை. சம்பந்தியம்மாவிடம் கேளுங்கள், அவர்களுக்குப் புரியும்.

அஞ்சு நிமிஷத்துக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. சாக்கடை அடைப்பு எடுப்பதற்கென்றே மோட்டாரும் நீளமான ஸ்பிரிங் கம்பியும் வைத்திருக்கும் இன்னொருவரைக் கூப்பிட்டோம். மீசைக்காரர், பேச்சு குறைவு. உள்ளே வந்ததும் நெற்றியில் கைவைத்து, "யார் சார் இந்த வேலைய செஞ்சது?" என்றார், ஏதோ பிணத்தைப் பார்த்தவர் மாதிரி. கம்பியை உள்ளே விட்டு மோட்டாரைப் போட்டார். கம்பி போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. "நல்லா போகுது சார்" என்று அவர் முதல்முறையாகச் சிரித்த நேரத்தில் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு அலறல். அங்கே தனியாக இருக்கும் வக்கீலம்மாவைத் தங்களுக்கு நினைவிருக்கும், நீங்கள் விழுந்தபோது ஐஸ் கட்டி கொண்டுவந்து கொடுத்தவர். தலையில் துண்டோடு மதில் பக்கம் ஓடிவந்து, "சார், என் பாத்ரூம்ல பாம்பு! தரையில இருக்கிற ஓட்டையில இருந்து தலைய ஆட்டிக்கிட்டு வருது!" என்றார். மீசைக்காரர் மெதுவாக மோட்டாரை நிறுத்தினார். "இப்ப?" என்று கேட்டார். "இப்ப ஆடல. ஆனா பாத்துக்கிட்டே இருக்கு" என்றார் வக்கீலம்மா. இரண்டு வீட்டுச் சாக்கடையும் மண்ணுக்கடியில் ஒன்றாகச் சேருகிறது என்பது இத்தனை காலமாக எங்கள் இருவருக்குமே தெரியாது. கம்பி அங்கேயே மாட்டிக்கொண்டது. வக்கீலம்மா வீட்டுப் பக்கம் ஒரு துண்டு, எங்கள் வீட்டுப் பக்கம் ஒரு துண்டு என்று மீசைக்காரர் அறுத்து எடுத்தார். அடைப்புக்குக் காரணமும் சேர்ந்து வெளியே வந்தது. நம் அஞ்சு நிமிஷம் தரை பூசும்போது குழாய்க்குள் விட்டிருந்த சிமென்ட், தேங்காய் அளவுக்கு இறுகியிருந்தது.

மறுபடி அஞ்சு நிமிஷத்தைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தேன். அவர் வாசலில் செருப்பைக் கழற்றி, குனிந்து நன்றாக ஆராய்ந்துவிட்டு, "யார் சார் இந்த வேலைய செஞ்சது?" என்றார்.

"நீதான்பா."

இன்னொரு தரம் குனிந்து பார்த்தார். "அதான பாத்தேன். வேலை சுத்தமா இருக்கு."

நான் என்ன செய்ய, சம்பந்தி? அழுவதா, அடிப்பதா? கோபம் வந்தால் திட்டலாம் என்றால், அவர் என்னைவிட வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு, "நம்ம வீடு மாதிரி நெனச்சுதான் சார் செய்றேன்" என்கிறார். அவர் வீட்டில் எல்லாரும் எங்கே குளிக்கிறார்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. சிமென்ட் மிச்சத்தை எடுக்கப் பின்னறையிலிருந்து சமையலறை வரை தரையைத் தோண்டினார். கமோடைக் கழற்றி மாட்டும்போது எதையோ எதனோடோ இணைத்ததில், ஃப்ளஷ் டேங்குக்குச் சுடுதண்ணி போக ஆரம்பித்தது. அமுக்கினால் ஆவி எழும்புகிறது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். என் மனைவிதான், "விடுங்க, சம்பந்தி முழங்காலுக்கு ஒத்தடமா இருக்கும்" என்றாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கண்ணில் தண்ணீர் பார்த்தது ஒன்றிரண்டு தடவைதான். அதை எந்த வால்வைத் திருகி நிறுத்துவது என்றும் எனக்குத் தெரியவில்லை.

இன்றைய நிலவரம் இதுதான். வீட்டுக்கு நடுவே வாய்க்கால் மாதிரி பள்ளம். பலகை போட்டு நடக்கிறோம், எதிரும் புதிருமாக வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டும். பாத்திரம் கழுவுவது கொல்லைப்புறத்தில். குளிப்பது முதலான மற்ற காரியங்களுக்கு வக்கீலம்மா வீடு. வாளியும் துண்டுமாக நான் போய் அவர் வீட்டுக் கூடத்தில் காத்திருக்கும்போது, வழக்கு விஷயமாக வந்தவர்கள் நானும் ஒரு கட்சிக்காரன் என்று நினைத்து, "உங்களுக்கு என்னங்க பிரச்சினை?" என்று ஆறுதலாக விசாரிக்கிறார்கள். சொல்கிறேன். அவர்கள் தங்கள் வழக்கே பரவாயில்லை என்று போய்விடுகிறார்கள். தங்களுக்காக வாங்கிய கமோடு மறுபடி கழற்றப்பட்டு, வைக்க இடமில்லாமல் கூடத்தில், டி.வி.க்கு எதிரே இருக்கிறது.

நேற்று அதன் மூடியைச் சாத்திவிட்டு அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன், வேறு நாற்காலி எல்லாம் சிமென்ட். மகள் போன் பண்ணினாள். "என்னப்பா, வேலை முடிஞ்சுதா?" அவள் குரலில் இருந்த ஆவலைக் கேட்டதும் என் வாய் என்னைக் கேட்காமலே, "பிரமாதமா முடிஞ்சிடுச்சும்மா. இப்ப அதுலதான் உட்கார்ந்திருக்கேன்" என்றது. உட்கார்ந்திருந்தது மட்டும் உண்மை. அதோடு விட்டேனா? அப்படிப்பட்ட பிளம்பர் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும், விடாமல் தினமும் வருகிறார் என்றும் அளந்துவிட்டேன். "ரொம்ப தேங்க்ஸ்ப்பா. மாமா இப்பவே பெட்டி எடுத்து வச்சுட்டாரு" என்றாள். போனை வைத்தபிறகும் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அதனால்தான் இந்தக் கடிதம், தங்களுக்கு மட்டும். பயணத்தைத் தள்ளிப்போடுவது தங்கள் முடிவு என்றே வீட்டில் சொல்லிவிடுங்கள். டாக்டர் அலையக்கூடாது என்றார் என்றோ, பழைய நண்பர் வருகிறார் என்றோ, ஏதாவது. ஒரு தகப்பன் இன்னொரு தகப்பனிடம் கேட்கும் உதவி. அவளுக்குத் தெரிய வேண்டாம். எங்கள் வீடு வீடாகும் நாளில் நானே நேரில் வந்து, தங்கள் கையைப் பிடித்து அழைத்து வருகிறேன். அப்படி ஒரு நாள் வரும் என்ற நம்பிக்கை இப்போதைக்கு அஞ்சு நிமிஷம் ஒருவருக்குத்தான் இருக்கிறது.

மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். அவர்கள் இருக்கும் இடமெல்லாம் திறந்தால் வந்து, மூடினால் நின்று, போக வேண்டிய வழியில் போகும்படி தண்ணீர் அமையட்டும். சம்பந்தியம்மாவுக்கு என் மனைவியின் விசாரிப்பு.

தங்கள் அன்புக்கு என்றும் கட்டுப்பட்ட,
சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது மகள் மறுபடி போன் பண்ணினாள், எடுத்தது என் மனைவி. தங்கள் வீட்டுச் சமையலறைச் சாக்கடை காலையிலிருந்து அடைத்துக்கொண்டு நிற்கிறதாமே? அங்கே யாரும் கிடைக்கவில்லை, அப்பா அவ்வளவு புகழ்ந்தாரே, அந்தப் பிளம்பரை அனுப்பி வையுங்கள் என்று கேட்டிருக்கிறாள். என் மனைவியும் என் மானத்தைக் காப்பாற்றச் சரி என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கே அவரை ஏற்றிவிடப் பையோடு வாசலில் நிற்கவைத்திருக்கிறாள். இனி நான் உண்மையைச் சொன்னால் மகள் முகத்தில் எப்படி விழிப்பேன்? தபாலைவிடச் சீக்கிரம் என்பதால் கடிதத்தையும் அவர் கையிலேயே கொடுக்கிறேன். ஆகவே இப்போது தங்கள் எதிரில் நிற்பவர்தான் அவர். தயவுசெய்து வாய்விட்டுப் படிக்காதீர்கள். அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு, சம்பந்தியம்மாவையும் மகளையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு உடனே புறப்பட்டு வந்துவிடுங்கள், பள்ளத்தை மகள் பார்த்தால் பார்க்கட்டும். அவர் உங்கள் வீட்டில் இருக்கிறவரை, எல்லாரும் பத்திரமாகத் தங்கக்கூடிய வீடு எங்களுடையதுதான்.