எதுக்கும் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு

உலகத்தில் கார் வாங்குகிறவர்கள் உண்டு, கார் விற்கிறவர்கள் உண்டு. நைரோபியில் மூன்றாவதாக ஓர் இனமும் உண்டு: கார் விசாரிக்கிறவர்கள். ஜப்பானில் யாரோ ஓட்டி முடித்த காரைக் கப்பலில் இறக்கித் தரும் ஆசாமிகளில் யோக்கியன் யார் என்று கண்டுபிடிக்கவே இவர்கள் பிறவி எடுத்திருக்கிறார்கள். கார்? அது கிடக்கட்டும்.

மாதிரிக்கு மொமானி என்பவரைப் பாருங்கள். கணக்கு வாத்தியார். மனைவி கெருபோ கல்யாணக் கேக் செய்கிறவள். கேக்குக்கு நல்ல பெயர்தான். ஆனால் போவது மத்தாத்து என்கிற வாடகை வேனில், அவள் மடியில். அந்த ஓட்டுநர்கள் பள்ளம் மேடு பார்த்து வளர்ந்தவர்கள் அல்லர். போன வருடம் இரண்டு கேக்குகள் மணமகளைப் பார்ப்பதற்கு முன்பே சாஷ்டாங்கமாக விழுந்துவிட்டன.

"டிசம்பர்ல நகுரு ஊர்ல கல்யாணம், கெமுந்தோ அப்பா. அஞ்சு அடுக்கு. இதுவும் சாய்ஞ்சா அப்புறம் எவளும் நம்மகிட்ட வரமாட்டா. கடைய மூடிட வேண்டியதுதான்," என்று மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஜனவரியிலேயே சொல்லிவிட்டாள்.

"ஒரு டொயோட்டா ஃபீல்டர் இறக்கிடுவோம்," என்றார் மொமானி. "எதுக்கும் ஒரு வார்த்தை விசாரிச்சிட்டு."

அந்த ஒரு வார்த்தை பதினொரு மாதம் நீண்டது. முதல் ஆசாமி தேநீரோடு மந்தாசிப் பணியாரமும் கொடுத்தான்; கவனிப்பு பலமாக இருந்தால் கார் பலவீனமாக இருக்கும் என்று எழுந்து வந்துவிட்டார். இரண்டாமவன் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, மரியாதை தெரியாதவன். பெயர்ப்பலகை புதிதாக இருந்தால் நேற்று முளைத்தவன், பழையதாக இருந்தால் வியாபாரம் படுத்தவன், வாடிக்கையாளர் புகழ்ந்தால் கூலிக்கு மாரடிக்கிறவர், திட்டினால் போட்டிக் கடைக்காரரின் மச்சான். காரின் குறைநிறை எழுதிய ஜப்பானிய ஏலத் தாளைப் படித்துக் காட்ட ஒரு கராத்தே வாத்தியாரைப் பிடித்தார். அவருக்கு ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணத்தான் தெரிந்தது. அதையும் மொமானி சரிபார்த்தார்.

"யோவ், கார் வாங்கப் போறியா, பொண்ணு கட்டிக் குடுக்கப் போறியா?" என்றார் சக வாத்தியார் முத்திசோ.

"பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறது சுலபம்யா. அவன் கிலோமீட்டரைக் குறைச்சுக் காட்ட முடியாது."

நவம்பர் கடைசியில் அதிசயம் நடந்தது. ஒரு யோக்கியன் அகப்பட்டான். அவன் கையைப் பிசைந்தான். "சார், எட்டு வயசு தாண்டின காரை நாட்டுக்குள்ள விடமாட்டாங்க. நீங்க கேக்கிற வண்டிக்கு இந்த டிசம்பரோட எட்டு முடியுது. கப்பல் வர ஆறு வாரம் ஆகும். போன மாசம் வந்திருக்கக் கூடாதா?"

மொமானி என்ன செய்தார் என்கிறீர்கள்? அவசரப்படுத்துகிறான், ஆகவே அயோக்கியன் என்று தீர்மானித்து, அந்தச் சட்டம் உண்மைதானா என்று இரண்டு வாரம் விசாரித்தார். உண்மைதான்.

நகுரு கல்யாணத்தன்று காலை மொமானிக்குத் தலை நிமிரவில்லை. ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவருக்கு, முதல்முறையாகத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. வெட்கமாக இருந்தது. நான்கு மணி நேரம் ஆனாலும் அடுக்குகளைத் தன் மடியிலேயே தாங்குவது என்று முடிவுகட்டி வாசலுக்கு வந்தார்.

வாசலில் ஒரு ஃபீல்டர் நின்றது. பின்பக்கம் ஐந்து அடுக்குகளும் பெட்டி பெட்டியாக உட்கார்ந்திருந்தன. ஓட்டுநர் இருக்கையில் கெருபோ.

"யாரு வண்டி இது?"

"நம்மளுதுதான். சீட்டு எடுத்தேன், இறக்கிட்டேன். நேத்துதான் கைக்கு வந்துச்சு. செப்டம்பர்ல சொன்னேனே! விசாரிக்கலாம்னீங்க."

"யாருகிட்ட? நல்லா விசாரிச்சியா?"

"லிமுருல ஒரு அம்மாவோட எண்பதாவது பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுபோனேன்ல? அவங்க மக ஞோக்கிதான் கார் இறக்குறவ. அந்த ஊர்ல ஒம்பது பேருக்கு வித்திருக்கா. வித்துட்டு, ஞாயித்துக்கிழமை அதே ஊர் சர்ச்சுல முன்வரிசையில உக்காந்து பாடுறா. ஒருத்தனும் அடிக்கல. இதுக்கு மேல என்னத்த விசாரிக்க?"

மொமானிக்குப் பதினொரு மாதத்தில் தோன்றாத ஒரே கேள்வி, விற்றவள் வாங்கியவன் முகத்தில் விழிக்கிறாளா என்பதுதான்.

"ஏறுறீங்களா? இல்ல, விசாரிச்சிட்டு மத்தாத்துல வர்றீங்களா?"

ஏறினார். நகுருவில் ஐந்து அடுக்கும் நிமிர்ந்து நின்றன. மணமகள் கண்கலங்க, அங்கேயே கெருபோவிடம் மூன்று பேர் கல்யாணத் தேதி குறித்துக் கொடுத்தார்கள். மொமானிக்குப் பெருமை தாங்கவில்லை. கேக் துண்டை வாயருகே கொண்டுபோனவர், சற்று நிறுத்தி, "ஆமா, முட்டை யாருகிட்ட வாங்கின?" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன்: அந்த ஒன்பது பேரும் ஞோக்கியின் சொந்தக்காரர்களாக இருந்தால் என்று நடுவில் ஒரு நொடி உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா?