நாலு தரம் கீழே

அரசாங்க வேலை காலைல ஒன்பதரை மணிக்கு ஆரம்பிக்கணும்னு விதி. அந்தப் பிறப்புச் சான்றிதழ் ஆபீஸ்ல மட்டும் அது டைப்பிஸ்ட் அக்காவோட ஆள்காட்டி விரல்ல ஆரம்பிச்சுது.

கம்ப்யூட்டரைப் போட்டதும் அஞ்சு வரியோட ஒரு மெனு வரும். எந்த சிஸ்டத்தைத் திறக்கட்டும்னு கேட்கும். மேல இருக்கிற நாலும் எப்பவோ அழிச்ச சிஸ்டம்; பேர் மட்டும் மிச்சம். அஞ்சாவதா இருக்கிற லினக்ஸ்தான் உசிரோட இருக்கு. பத்து செகண்டுக்குள்ள கீழ் அம்புக்குறியை நாலு தரம் தட்டலேன்னா, மெஷின் முதல் வரியைத் திறக்கப் போயி, கருப்பா முழிச்சுக்கிட்டு நின்னுடும். தட்டுறது டைப்பிஸ்ட் வேலைன்னு கடமைப் பட்டியல்ல இருக்கு. வேற யாரும் தொடக்கூடாது. அதனால அக்காவுக்கு மூணு வருஷமா லீவு கிடையாது.

நாளைக்குத் தங்கச்சிக்குப் பிரசவத் தேதி. கூட இருக்க வேற ஆளில்ல. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அக்கா, ஒரு கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கையோட கூட்டிட்டு வந்துட்டாங்க.

"ரெண்டே நிமிஷம்க்கா. அந்த நாலு பழைய சிஸ்டத்தோட பூட் ஃபைலை அழிச்சிட்டு, மெனுவைப் புதுசா எழுதச் சொன்னா முடிஞ்சுது. லினக்ஸ் தானா திறந்துக்கும்," அவன் கீபோர்டுல கை வச்சான்.

"நிறுத்து!" மேலதிகாரி வந்துட்டார். "யார் உத்தரவுல நீக்குறே?"

"சார், அதெல்லாம் செத்துப்போன சிஸ்டம்."

"செத்துச்சுன்னு சான்று இருக்கா?"

"உள்ள ஒண்ணுமே இல்ல சார்."

"ஒண்ணுமே இல்லாததை எப்படிய்யா நீக்குவே? குழு வந்து பார்த்து, 'உபயோகமற்றது'ன்னு எழுதணும். பார்க்கணும்னா அது ஓடணும். முதல்ல நாலையும் திரும்ப ஏத்து."

"ஓடுச்சுன்னா உபயோகமற்றதுன்னு எப்படி சார் எழுதுவாங்க?"

"எழுத மாட்டாங்க. நல்லா ஓடுறதை எதுக்கு நீக்கணும்?"

மெக்கானிக் தலையைச் சொறிஞ்சான். "சரி, நீக்க வேணாம் சார். அஞ்சாவதைத் தூக்கி முதல்ல வச்சிடறேன்."

"சீனியாரிட்டி என்னாகுறது? நேத்து வந்தவன் எல்லார் தலை மேலயும் ஏறி உட்காருவானா?"

மெக்கானிக் பையை மூடிட்டான். "மன்னிச்சுக்குங்கக்கா. எனக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் மட்டும்தான் தெரியும்."

அக்கா அதிகாரி பக்கம் திரும்பினாங்க. "சார், அப்ப எனக்கு லீவாவது குடுங்க."

"தாராளமா. பொறுப்பை ஒப்படைச்சுட்டுப் போங்க."

"யார்கிட்ட சார்? நான் ஒருத்திதானே டைப்பிஸ்ட்?"

"யாரும்மா சொன்னது?" அதிகாரி ஊழியர் பட்டியலை விரிச்சார். "உங்களுக்கு மேல நாலு பேர் இருக்காங்களே."

அக்கா எட்டிப் பார்த்தாங்க. ரெண்டு பேர் ரிட்டயர் ஆனவங்க. ஒருத்தர் வேலையை விட்டுட்டுத் தையல் கடை வச்சிருக்கார். நாலாவதா இருக்கிற அம்மா செத்தப்போ இதே அதிகாரிதான் மாலை வாங்கிட்டுப் போனார்.

அக்கா ஒரு தாளை இழுத்தாங்க. பேனாவை எடுத்தாங்க. "மேற்படி நால்வரிடமும் எனது பொறுப்புகள் அனைத்தையும் முழுமையாக ஒப்படைத்துவிட்டேன் என்பதைப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

அடுத்த நிமிஷமே லீவு கையெழுத்தாச்சு.

மறுநாள் காலைல ஆஸ்பத்திரி. தங்கச்சி பெஞ்சுல இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு முனகுறா. அக்கா பேர் பதியிற வரிசைக்கு ஓடினாங்க. வரிசைல ஆள் ஒருத்தரும் இல்ல. ரெண்டு பை, ஒரு ஜோடி செருப்பு, ஒரு தண்ணி பாட்டில், இவ்வளவுதான் நிக்குது.

ஜன்னலுக்குள்ள இருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாங்க. "யாருமில்லையே, அதையெல்லாம் ஓரமாத் தள்ளிட்டு வாங்கம்மா."

அக்கா ஒவ்வொண்ணா எண்ணினாங்க. சரியா நாலு.

"அதெப்படிங்க சிஸ்டர்? அவங்கல்லாம் எனக்கு முன்னாடி வந்தவங்க."

சொல்லிட்டு, தன் பையைத் தண்ணி பாட்டிலுக்குப் பின்னால வச்சுட்டு, தங்கச்சிக்கு இடுப்பு நீவி விடப் போயிட்டாங்க.