அலமாரிக்குள் பாடும் உங்கள் தங்கை

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் வீட்டு மாப்பிள்ளை எழுதுவது. இங்கே இருவரும் நலம். அதாவது அவள் நலம், நானும் நலம் என்று அவள் சொல்கிறாள். அங்கே வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் தங்கை குழந்தைகளுக்குப் பாட்டுப் பாடுவதும், கார்ட்டூனில் வாத்துக் குஞ்சுக்குக் குரல் கொடுப்பதும் நீங்கள் அறிந்ததுதான். பொழுதுபோக்குத்தானே என்று நானும் தலையாட்டினேன். இப்போது அந்தக் கார்ட்டூன் கம்பெனிக்காரர்கள் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் போடக் கூப்பிடுகிறார்கள். வெள்ளிக்கிழமை கையெழுத்து. அதற்குள் நீங்கள் வந்து தடுத்து நிறுத்த வேண்டும். அண்ணன் சொன்னால் கேட்பாள். நான் சொன்னால் வாத்துதான் பதில் சொல்கிறது.

ஒலிப்பதிவு எங்கே நடக்கிறது தெரியுமா? எங்கள் படுக்கையறைத் துணி அலமாரிக்குள். துணிகளுக்கு நடுவே நின்று பாடினால் எதிரொலி வராதாம். அதனால் என் நல்ல சட்டைகளை நான் எடுக்கக் கூடாது. மேலதிகாரி வீட்டுக் கல்யாணத்துக்குக் கசங்கின சட்டையோடு போய் நின்றேன். சத்தம் போடுகிறதென்று மின்விசிறியை அணைக்கிறாள், ஃப்ரிட்ஜை அணைக்கிறாள், திரும்பப் போட மறக்கிறாள், பால் திரிந்துபோகிறது, ஏன் என்று கேட்டால் திட்டுகிறாள். பாட்டில் ஒரு வரி தமிழ், ஒரு வரி ஆங்கிலம் என்று பழகியவள், ஒரே திட்டை எனக்கு இரண்டு மொழியிலும் தருகிறாள். அன்றைக்கு கார்டு தொலைந்துவிட்டதென்று வங்கிக்குப் போன் செய்தாள். காலையிலிருந்து வாத்தாகவே இருந்ததில் குரல் கீழே இறங்கவில்லை. "பாப்பா, வீட்ல பெரியவங்க இருந்தா போனைக் குடும்மா" என்றார் வங்கியில் போனை எடுத்த அம்மா. நான் வாங்கினேன். "கார்டு யார் பேர்ல இருக்கு சார்?" பதற்றத்தில், "பாப்பா பேர்லதாங்க" என்று சொல்லித் தொலைத்தேன். வைத்துவிட்டார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். போன மாதம் ஒரே தாலாட்டை அவள் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தபோது, கதவுக்கு வெளியே நின்று, "போதும்மா, பாப்பா தூங்கி எந்திரிச்சே போயிருக்கும்" என்று முணுமுணுத்தேன். அதுவும் பதிவாகிவிட்டது. அவள் கவனிக்காமல் அனுப்ப, அவர்கள் அப்படியே வெளியிட்டும்விட்டார்கள். நேற்று அரங்கத்தில் நிகழ்ச்சி. தாலாட்டின் நடுவே அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். உடனே பிள்ளைகள் மொத்தமும், என் அலுப்பு கொஞ்சமும் குறையாமல், அதே வாக்கியத்தைச் சொன்னார்கள். பின்வரிசையில் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அத்தனை பிள்ளைகளும் அவளோடு சேர்ந்து பாடியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கெட்டிக்காரிதான். ஆனால் சொந்த வீட்டில் ஒரு மனுஷன் நிம்மதியாக இரும வேண்டாமா? வியாழக்கிழமையே வந்துவிடுங்கள்.

உங்கள் வீட்டில் என்னைவிட மூத்தவர்களுக்கு வணக்கம், இளையவர்களுக்கு ஆசி, வயதைச் சொல்லாதவர்களுக்கு இரண்டும்.

தங்கள் அன்புள்ள,
மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் கம்பெனி இயக்குநர் கூப்பிட்டார். "சார், அந்த அலுத்துக்கிற குரல் உங்களுதாமே? வாத்து வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கரடி குடிவருது. நீங்கதான் பேசணும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று கெத்தாக ஆரம்பித்து, அதே மூச்சில் சரி என்றுவிட்டேன். இப்போது உங்கள் தங்கை, இந்த வீட்டுக்கு ஒரு கலைஞர் போதும், கரடி வந்தால் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள். வியாழக்கிழமை கட்டாயம் வாருங்கள் மச்சான். எப்படியாவது அவளைக் கையெழுத்துப் போட வையுங்கள்.