வாசலில் சொட்டிய எண்ணெய்

அரூர் நஞ்சப்பன் வீட்டு வாசலில், கோலம் போடுகிற இடத்தில், அன்றைக்கும் கறுப்பாக எண்ணெய் சொட்டியிருந்தது. சாணி தெளித்தால் அங்கே மட்டும் ஒட்டவில்லை. கண்ணம்மாள் கத்தவில்லை. புருஷனைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால் டிரைவர் சவுரியப்பன் பிழைத்திருப்பான்.

நஞ்சப்பன் புளி வியாபாரி. சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்ட ஜீப் ஒன்றை, சித்தேரி மலையில் ஏறிப் புளி ஏற்றி வரலாம் என்று எடுத்து வாசலில் நிறுத்தியிருந்தார். மாட்டு வண்டிக்கு என்ன கேடு வந்தது என்று அப்போதே கேட்டவள் கண்ணம்மாள். ஆகவே ஜீப் செய்கிற ஒவ்வொரு தப்புக்கும் அவர்தான் வீட்டுக்குள் தலை குனிய வேண்டியிருந்தது.

"வெள்ளிக்கெழம வாசல் சுத்தமா இருக்கணும் சவுரியப்பா. இல்லன்னா வண்டியும் போவும், நீயும் போவ," என்றார்.

சவுரியப்பனுக்கும் ரோசம்மாளுக்கும் கல்யாணம் என்று மாதா கோயிலில், ஞாயிறு பூசையில் அறிவிக்கிற மூன்று ஓலையில் முதல் ஓலை வாசித்தாயிற்று. டிரைவர் உத்தியோகத்தைப் பார்த்துத்தான் பெண்ணின் அப்பா தலையாட்டியிருந்தார். உத்தியோகம் போனால் அடுத்த ஓலையில் சாமியார் வேறு எவன் பேரையோ வாசிப்பார்.

அவன் பர்மா எல்லை வரைக்கும் பட்டாள லாரி ஓட்டியவன். ஜீப்புக்கு அடியில் படுத்ததுமே நோயைக் கண்டுபிடித்துவிட்டான். கியர் பெட்டிக்குப் பின்னால், நாலு சக்கரத்துக்கும் ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கிற இன்னொரு பெட்டி உண்டு. அதன் வயிறெல்லாம் பிசுபிசுவென்று நனைந்திருந்தது. தொட்டு மோந்து பார்த்தான். பட்டாளத்தில் பழகிய மூக்குப்பொடியின் புண்ணியத்தில் அந்த மூக்கில் எந்த வாசனையும் ஏறுவதில்லை.

"சின்ன ஒழுக்குதானுங்க. போல்ட்ட இறுக்குனா நின்னுரும்," என்று முதலாளியிடம் சொன்னான். இறுக்கினான். மறுநாள் சொட்டு, தோசை அளவுக்கு வட்டமாகியிருந்தது.

இதையெல்லாம் பக்கத்தில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தவன் பழைய வண்டிக்காரன் தீர்த்தன். சித்தேரிக்காரன். ஜீப் வந்ததும் மாட்டு வண்டி கொட்டகைக்குப் போய்விட்டது. சாட்டை, நுகக் கயிறு, மசகு போட்டு வைக்கிற மூங்கில் குழாய் என்று கையில் மிஞ்சியதை மடியில் வைத்துக்கொண்டு அவன் இழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் சவுரியப்பன் வேலைக்கு வந்த அன்றைக்கே, "அண்ணா, சாயங்காலம் நான் போனதுக்கப்பறம் நீங்கதான் இந்த வண்டியப் பாத்துக்கணும்," என்று சொல்லி வைத்தான். தீர்த்தனுக்கு உயிர் வந்தது. அதிலிருந்து ஜீப் பக்கத்திலேயே படுக்கை.

இப்போது அவன், வண்டிக்கு என்ன நோவு என்று விசாரித்தான். ஒழுகுகிறது என்று ஒரு மாட்டு வண்டிக்காரனிடம் ஒப்புக்கொண்டால் டிரைவர் மானம் என்னாவது? வண்டிக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னான் சவுரியப்பன். தீர்த்தன் உச்சுக்கொட்டினான்.

அடுத்ததாகச் சவுரியப்பன் சவுக்காரக் கட்டியைப் பிசைந்து, பெட்டியின் இடுக்கெல்லாம் அப்பினான். விடிந்து பார்த்தால் வாசலில் தாம்பாளம் அகலத்துக்கு எண்ணெய். கண்ணம்மாள் அதைச் சுற்றிக் கோலம் போட்டிருந்தாள். அதைவிட அவள் அவனைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

பெட்டியில் எவ்வளவு எண்ணெய் மிச்சம் என்று மூடியைத் திறந்து விரல் விட்டுப் பார்த்தான். நிறைந்திருந்தது. இத்தனை ஒழுகியும் குறையவில்லையா? அப்படியானால் முன்னால் இருக்கிற கியர் பெட்டியின் எண்ணெயும் இதற்குள் வந்து இந்த வழியாகப் போகிறது. இரண்டும் போச்சு.

வேறு வழியில்லாமல் பெட்டியை இறக்கிப் பிரித்தான். மூட்டு வாயில் எண்ணெய் கசியாமல் அடைக்கிற பழைய பேக்கிங் கிழிந்துவிட்டது. புதுசு வேண்டுமென்றால் சேலம் போக வேண்டும். அதற்கு நேரமில்லை. முதலாளி கடைக் காலண்டரின் அட்டையை வெட்டி, அதையே பேக்கிங்காக வைத்து மூட்டினான். ரோசம்மாள் பேரைச் சொல்லி மாதாவை வேண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை வாசலில் குளமே கட்டியிருந்தது.

சித்தேரியில் புளி காத்திருந்தது. கடைசியாக ஒரு நடை போய் வந்து வண்டியை விற்றுவிடுவது என்று நஞ்சப்பன் ஏறி உட்கார்ந்தார். மலைப்பாதையில் பாதி ஏறுவதற்குள் காலண்டர் அட்டை ஊறிப் பிய்ந்தது. பெட்டியிலிருந்த எண்ணெய் அத்தனையும் ரோட்டில் கோடு போட்டுக்கொண்டே போய்விட, உள்ளே பல்சக்கரங்கள் நறநறவென்று கடித்துக்கொண்டு இறுகின. ஜீப் நின்றது. நஞ்சப்பன் இறங்கினார்.

"நாளையிலருந்து வராத," என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கீழே நடந்தார்.

சவுரியப்பன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து அழுதான். ரோசம்மாளுக்கு இதை யார் போய்ச் சொல்வது? பட்டாளத்திலேயே ஒரு குண்டு விழுந்து தொலைந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

பொழுது சாயும் வேளையில், முதலாளி சொல்லியனுப்பி, தீர்த்தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தான். ஜீப்பைக் கட்டி இழுத்துப் போக வேண்டும். நுகக் கயிற்றோடு, தோளில் அந்த மூங்கில் குழாயும் தொங்கியது. வண்டி அச்சுக்கு ஊற்ற, விளக்கெண்ணெயில் கரியைக் குழைத்த மசகு.

போன மானம் போனதுதான், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? சவுரியப்பன் முதல்முறையாக மனசைத் திறந்தான்.

"அண்ணா, உங்கள்ட்ட சொல்றதுக்கு என்ன. வண்டிக்கடியில எண்ண சொட்டிக்கிட்டே இருந்துச்சு. எங்கருந்து வருதுன்னு கடைசிவரைக்கும் புடிபடல. அதுதான் என் குடியக் கெடுத்துருச்சு."

தீர்த்தன் குழாயின் மூடியைக் கழற்றிக்கொண்டே அவனைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"சொட்டத்தானுங்க செய்யும். நீங்க படற பாட்டப் பாத்துட்டு, அந்தப் பெட்டி மேல இந்த மசகத் தெனமும் கூடக் கூட ஊத்திட்டுத்தானுங்க நான் படுத்தேன்."