பெரட்டு மாமாவும் போர்ட்டிக்சன் மழையும்

பெரட்டு மாமாவைப் போலச் சூரியனை மிரட்டி வைத்திருந்த மனிதர் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் வேறு யாரும் இல்லை. அவர் பேர் கூப்பிட்டு முடிக்கும் வரை அது வெளியே தலைகாட்டியதே கிடையாது.

ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். லாபு பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடங்களுக்கு மேல் அதை நடத்திய மண்டோர், அதாவது ஆட்களை வேலை வாங்கும் கங்காணி, அவர். அவருடைய சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. பேர் கூப்பிடுகிறவரை யார் பேர் சொல்லிக் கூப்பிடுவது?

தோட்டத்தை விற்றுவிட்டார்கள். மரங்கள் போயின, ஆட்கள் நாலா பக்கமும் போனார்கள், பெரட்டு மட்டும் போகவில்லை. செனாவாங் குடியிருப்பில் எங்களுக்கு எதிர்வீட்டில் குடியேறிய மறுநாளே, காலை ஐந்தேகாலுக்குக் காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால் வரை காலுறை, கழுத்தில் விசில் சகிதம் வாசல் கேட்டில் நின்றார். இரவு ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்தவர்களை நிறுத்தி, "எங்க போயிட்டு வர்ற?" என்றார். வேலைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று ஒருவன் சொன்னதற்கு, "வேலைக்குப் போற நேரத்துல வேலையிலேர்ந்து வர்றியா? ஆப்சென்!" என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

கல்யாணப் பந்தியில் பேர் கூப்பிட்டு, அழைக்காமல் வந்த இரண்டு பேரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். பழைய தோட்டக்காரர் ஒருவரின் சாவு வீட்டில் எல்லாரையும் கூப்பிட்ட பிறகு, செத்தவர் பேரையும் கூப்பிட்டார். பதில் வரவில்லை. மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு, "இவன் ஒரு நாளும் ஆப்சென் ஆனதில்லயே லா" என்று நோட்டை மூடினார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டு மறுபடி அழ வேண்டியதாயிற்று.

என்னைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்து, பட்டமும் வாங்கிய முதல் ஆள் நான். செனாவாங் தொழிற்சாலை ஒன்றில் மனிதவளப் பிரிவில் வேலை. யாருக்கு விடுப்பு உண்டு, யாருக்கு இல்லை என்பது என் கையெழுத்தில் இருக்கிறது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் கிடையாது.

அம்மா அவருக்குக் கீழே அதே தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். தோட்டம் போன பிறகும் நாலரைக்கு எழுந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, செய்ய வேலை இல்லாவிட்டால் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவுவார். இரண்டு முட்டியும் பலாக்காய் போல வீங்கிவிட்டன. "மூன்று நாளாவது காலை நீட்டிப் படுங்கள். இல்லையென்றால் கத்தி வைக்க வேண்டி வரும்" என்று மருத்துவர் சொன்னார். வீட்டில் வைத்து அவரைப் படுக்க வைக்க முடியாது. போர்ட்டிக்சன் கடற்கரையில், கூட்டம் வராத ஒரு வளைவில், பன்னிரண்டே அறைகள் உள்ள சின்ன ஹோட்டலாகப் பார்த்து இடம் பிடித்தேன்.

"மண்டோர்கிட்ட சொல்லிட்டியா?" என்றார் அம்மா.

"தோட்டமே இல்லமா. அந்த எடத்துல இப்ப சூப்பர்மார்க்கெட் நிக்குது."

"அதுக்காகச் சொல்லாம போயிடறதா?"

"லீவு நான் குடுக்கறேன்மா. முந்நூறு பேருக்கு நான்தான் குடுக்கறேன்."

"நீ யாருடி எனக்குக் குடுக்க?"

எதிர்வீட்டுக்குப் போனேன்.

"எத்தன நாளு?" என்றார் பெரட்டு மாமா.

"மூணு நாளு மாமா. ரெஸ்ட் எடுக்க."

"ரெஸ்ட்டா? அது என்னா சீக்கு?"

"முட்டி வீக்கம்."

"அப்படிச் சொல்லு. சீட்டு இருக்கா?"

மருத்துவச் சீட்டைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சரி பாப்பா, போகலாம். ஆனா ஆளு வெளியூர் போனா மண்டோரும் கூடப் போகணும். சட்டம் லா அது."

அப்படி ஒரு சட்டம் எந்த நாட்டிலும் இல்லை. சனிக்கிழமை காலையில் என் காரின் முன்சீட்டில் டார்ச் விளக்கோடு உட்கார்ந்திருந்தார்.

ஹோட்டல் நான் நினைத்ததைவிட அழகாக இருந்தது. அறை வாசலிலேயே சவுக்கு மரங்கள், அதற்கப்பால் மணல், கடல். வரவேற்பறையில் 'அமைதி காக்கவும்' என்று மூன்று மொழிகளில் பலகை. அம்மா கடலை ஒரு முறை பார்த்தார். பிறகு துடைப்பம் தேடினார். சாயங்காலத்துக்குள் தாழ்வாரம் முழுவதும் பெருக்கியாகிவிட்டது, சவுக்குச் சருகு ஏழு குவியலாகிவிட்டது. ஹோட்டல் நடத்தும் மலாய்க்கார அம்மாள் என்னைத் தனியாக அழைத்து, உங்கள் அம்மா விருந்தாளியா, இல்லை வேலை கேட்டு வந்திருக்கிறாரா என்று மரியாதையாகக் கேட்டார்.

மாமா சவுக்கு மரங்களைச் சுற்றி வந்தார். "வரிசை கோணலா இருக்கு. எவன் நட்டான்?" பிறகு கடலோரம் போய் இடுப்பில் கைவைத்து அரைமணி நேரம் நின்றார். திரும்பி வந்து, "சும்மா வருது, சும்மா போவுது. மேல ஆளு இல்ல போல" என்றார்.

மறுநாள் ஐந்தேகாலுக்கு விசில் கேட்டது.

நான் வெளியே ஓடியபோது, வரவேற்பறைப் பதிவேட்டை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு மாமா கார் நிறுத்துமிடத்தில் நின்றிருந்தார். தீப்பிடித்துவிட்டதென்று நினைத்து மூன்று அறைக்காரர்கள் கைலியும் துண்டுமாக வெளியே வந்திருந்தார்கள். மாமா அவர்களை வரிசையில் நிறுத்தியிருந்தார். நாலாம் நம்பர் அறையிலிருந்த, ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர் ஒருவருக்கு அந்த ஒழுங்கு மிகவும் பிடித்துப்போய், தன் பேர் வந்ததும் மார்பை நிமிர்த்தி, இருக்கிறேன் என்று பொருள்படும் "அடா!" வைக் கடல்வரை கேட்கும்படி சொன்னார்.

"அஞ்சலை!"

"இருக்கேன் மண்டோரே!" வரிசையின் முதல் ஆளாக, தலையில் துண்டோடு, என் அம்மா.

ஹோட்டல்கார அம்மாள் ஓடிவந்து 'அமைதி காக்கவும்' பலகையைக் காட்டினார். மாமா அதை நிதானமாகப் படித்தார். "அதத்தான் நானும் சொல்றேன். பேர் கூப்புடறப்ப யாரும் பேசக்கூடாது. நீ லேட்டு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவரைச் சவுக்கு மரத்தடிக்கு இழுத்துப் போனேன். "மாமா, அவங்க தூங்கணும்னுதான் இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேன். இல்லன்னா காலுல கத்தி வெப்பாங்க. நீங்க பெரட்டு வெச்சா எப்படித் தூங்குவாங்க?"

"நான் வெக்கலன்னா தூங்குவாளா, பாப்பா?"

அம்மா விசிலுக்கு முன்பே எழுந்து, துண்டு கட்டி, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருந்தேன். பட்டம் வாங்கிய கையால் பதிவேட்டைப் பிடுங்கிக் கொண்டுபோய் வரவேற்பறையில் வைத்தேன்.

அன்று பகல் முழுக்க அம்மா ஜன்னல் துடைத்தார். வீக்கம் கூடிவிட்டது. சாயங்காலம் மூவரும் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தபோது பொறுமை போய்க் கேட்டேன்.

"முப்பத்தொரு வருசத்துல நீ தூங்குனதே இல்லையாமா?"

"ஏன் இல்ல? மழை பேஞ்சா தூங்குவோம். மரம் நனைஞ்சா வெட்டுனாலும் பால் வழிஞ்சு தரையில போயிடும். அன்னிக்கு வெட்டு கெடயாது. என்னா தூக்கம் தெரியுமா அது!"

"மழை சத்தம் கேட்டதும் படுத்துடுவீங்களா?"

"அதெப்படி? மண்டோரு வாளியத் தட்டிக்கிட்டு, நாங்க இருந்த லயத்துல வீடு வீடா வந்து சொல்லணும். அவரு சொல்லாம நாமளா படுக்க முடியுமா?"

மாமா காதில் விழாதவர் போல, கடலுக்கு நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். ஆப்சென்டாகத்தான் இருக்கும்.

மூன்றாம் நாள். விழித்துப் பார்த்தபோது ஐந்து மணி. அம்மா வழக்கம்போலக் கட்டில் விளிம்பில், துண்டு கட்டி, முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே நட்சத்திரங்கள் பளிச்சென்று இருந்தன. அப்போது தாழ்வாரத்தின் கோடியிலிருந்து வாளி தட்டும் சத்தம் வந்தது.

"மழை! மழை! மரம் நனைஞ்சு போச்சு! இன்னிக்கு வெட்டு இல்ல! பெரட்டு இல்ல! எல்லாரும் போயிப் படுங்க!"

சத்தம் எங்கள் கதவு வரை வந்து, கொஞ்சம் நின்று, கடந்து போனது. அம்மா ஜன்னலைப் பார்த்தார். நட்சத்திரங்களைப் பார்த்தார்.

"அம்மா, மழையே..."

"சும்மா இருடி. மண்டோரு சொல்லிட்டாரு."

துண்டை அவிழ்த்து மடித்து வைத்தார். காலை நீட்டிப் படுத்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குறட்டை வந்தது. அன்று பதினொரு மணி வரை அவர் எழுந்திருக்கவில்லை.

வெளியே போனேன். மாமா பிளாஸ்டிக் மழைச்சட்டை போட்டுக்கொண்டு, குடையை விரித்துப் பிடித்தபடி, காய்ந்த மணலில் நின்றிருந்தார். காலடியில் காலி வாளி.

"ஏன் மாமா, மண்டோர் பொய் சொல்லலாமா?"

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. "யாரு பொய் சொன்னா? தொட்டுப் பாரு லா!"

எங்கள் ஜன்னலோரத்துச் சவுக்கு மரத்தைத் தொட்டேன். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பக்கத்து மரமும், அதற்கடுத்ததும். கடைசி மரம் வரைக்கும் வாளி வாளியாக ஊற்றியிருந்தார்.

போன வருடம் மாமாவை அவர் மகன் ஜொகூருக்குக் கூட்டிப் போய்விட்டார். அங்கே எதிர்வீட்டுக்காரர்கள் பாவம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஐந்தேகாலுக்கு எங்கள் வீட்டுத் தொலைபேசி அடிக்கும். "செனாவாங் பக்கம் நல்ல மழை. அஞ்சலைகிட்ட சொல்லிடு பாப்பா" என்று வைத்துவிடுவார்.

நானும் சொல்லிவிட்டு, அம்மா எழுந்திருக்கும் வரை எந்த ஜன்னலையும் திறப்பதில்லை.