ஏலத்தில் பிடித்த பூனை

சீக்குப் பூனையைக் காப்பாற்றுவது பெரிய காரியமே இல்லை. காப்பாற்றியதை இன்னொருத்தர் தலையில் கட்ட வேண்டுமே, அங்கேதான் நாக்குத் தள்ளிவிடும்.

லில்லியை உதியன்குளங்கரையில் ஒரு குடும்பம் வீடு காலி செய்தபோது உடைந்த நாற்காலியோடு விட்டுவிட்டுப் போயிருந்தது. பாதிப் பல் இல்லை, முதுகில் முடி இல்லை, சிறுநீரகம் பழுது. ஒன்றுவிட்டு ஒருநாள் தோலுக்கடியில் டிரிப் ஏற்ற வேண்டும். யாராவது எடுத்துக்கொள்வார்களா என்று வாட்ஸப்பில் படம் போட்டேன். "பெர்சியனா சேச்சி?" என்று கேட்டார்கள். (படத்தைப் பார்த்த பிறகுமா!) என் கணவர் ஜெபராஜோ, "எட்டி ஷீலா, இந்த வீட்டுல ஒண்ணு பூனை, இல்லெங்கி நான்" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் பொழியூர் கிரேஸி அக்கா கிடைத்தார். ஓய்வுபெற்ற நர்ஸ். "அறுப்புப் பண்டிகைக்கு உங்க சபைக்கு வாறேன் மக்கா, அங்க கொண்டு வா" என்றார். அன்றிரவுதான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பக்கத்து வீட்டுக் கோழிக்கூடையில் லில்லியை வைத்து, மேலே துணி கட்டி, ஆட்டோவில் போனேன். வெயில் படக்கூடாதே என்று சபைக் கோயில் வராந்தாவில் இறக்கிவிட்டு அக்காவைத் தேடப் போனேன். அங்கே வாழைக்குலை, சேனை, கோழி எல்லாம் இருந்தன. பண்டிகையன்று அந்த வராந்தாவில் எதை வைத்தாலும் அது காணிக்கை. காணிக்கை என்றால் ஏலம். பிறந்ததிலிருந்து அந்தக் கோயிலுக்குப் போகிறேன், எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கென்று புத்தி லீவு போட்டுவிட்டது.

அக்காவோடு திரும்பி வந்தால், சபைச் செயலாளர் மைக்கும் கையுமாக என் கூடையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். மூடிய கூடையைத் திறக்காமலே ஏலம் விடுவது எங்கள் சபை வழக்கம். உள்ளே இருப்பது எடுத்தவர் பாக்கியம். முன்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், நேரே கடையிலிருந்து வந்த என் கணவர்.

"கனத்தைப் பாத்தா நாட்டுச் சேவலாக்கும்" என்று பக்கத்து ஆளிடம் வேறு சொல்கிறார்.

வீட்டில் ராத்திரியெல்லாம் கத்தும் அந்தச் சனியன் அன்றைக்கு மூச்சுவிடவில்லை. "நிறுத்துங்க!" என்று கையைத் தூக்கி ஆட்டினேன். மைக் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

"பின்னால ஆளு கூட்டிக் கேட்டாச்சு!" என்றார் செயலாளர்.

கணவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் இன்னும் கூட்டினார். நான் இரண்டு கையையும் ஆட்டினேன். அவர் மறுபடி கூட்டினார். இப்படியே எங்கள் பூனைக்கு நாங்களே விலை ஏற்றி, மூணு தரமும் சொல்லி முடிந்தது. கணவர் எல்லார் முன்னாலும் கூடைத் துணியை அவிழ்த்தார். லில்லி தலையை நீட்டி, அப்போதுதான், கத்தியது. சபையே சிரித்தது.

"அக்கா, நீங்க கொண்டு போங்க" என்று கெஞ்சினேன்.

"ஆண்டவருக்கு வச்சு, ஏலத்துல உங்க வீட்டுக்கு விழுந்ததை நான் எடுத்தா பாவமாக்கும்" என்றார் கிரேஸி அக்கா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரோ என் பையிலிருந்த டிரிப் டியூபை எடுத்து என் கணவர் கையில் கொடுத்தார். "கொச்சே, ஊசி குத்த நான் சொல்லித் தாறேன்."

இப்போது டிரிப் போடுவது என் கணவர்தான். நான் கிட்டப் போனால், "நான் ஏலம் பிடிச்ச பூனையாக்கும், நீ தொடாதே" என்கிறார். லில்லி இன்னும் ராத்திரியெல்லாம் கத்துகிறது. வருஷா வருஷம் ஏலம் தொடங்கும் முன் செயலாளர் மைக்கைத் தட்டிவிட்டு முதலில் சொல்வது ஒன்றுதான்:

"ஷீலா, கையை மடியில வை."