தேவாங்கு துருவியை இணைத்த கதை

ஒரு காட்டில், அதுவும் மரத்துக்கு மரம் வைஃபை இருந்த காட்டில், பரஞ்சோதி என்றொரு தேவாங்கு நிரல் எழுதிப் பிழைத்து வந்தது. அந்தக் காட்டில் கோடையிலும் வற்றாத குளம் ஒன்றே ஒன்றுதான். எல்லாரும் சேர்ந்து போனால் தண்ணீர் குடிப்பதற்குப் பதிலாக ஒருவரை ஒருவர் குடித்துவிடுவார்கள் என்பதால் தண்ணீர்த் துறை ஆளுக்கொரு நேரம் குறித்து டோக்கன் கொடுத்தது. அந்த டோக்கன் மென்பொருளைப் பார்த்துக்கொள்வதுதான் பரஞ்சோதியின் வேலை.

ஒரு நாள் செண்பகவல்லி என்ற மான் அலுவலகத்துக்கு வந்தது. அதற்குப் பாதி வாலைக் காணோம்.

"தம்பி, நேத்தும் எங்களுக்கு நாலு மணி டோக்கன். உங்க மேனேஜர் சிறுத்தைக்கும் அதே நாலு மணி. இது என்ன நியாயம்? வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணலேன்னா நாங்க கூட்டத்தோட பக்கத்துக் காட்டுக்குப் போயிடுவோம்."

பரஞ்சோதி கணக்குப் போட்டுப் பார்த்தது. மான்கள் போய்விட்டால் டோக்கன் வாங்க ஆளில்லை. டோக்கன் இல்லையென்றால் தேவாங்குக்கு வேலையும் இல்லை.

மேலாளர் சிறுத்தை வீரபத்திரனோ தன்னை ஒரு பிறவி வேட்டைக்காரர் என்று நம்பிக்கொண்டிருந்தார். மான்கள் நேரம் தவறி வருவதாகவும், அந்த நேரத்தைத் தன் ரத்தம் மோப்பம் பிடித்துவிடுவதாகவும் அவருக்கு எண்ணம். திங்கள்தோறும் கூட்டம் போட்டு, "உழைப்பு, வேகம், உள்ளுணர்வு! இந்த மூணும் இருந்தா மான் தானா வரும்" என்று பேசுவார். ஊழியர்களான முயல்கள் குறிப்பெடுத்துக்கொள்ளும்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பழைய நிரலில் ஒரு வரியைக்கூட யாரும் அழிக்க மாட்டார்கள். எதற்கு வம்பு என்று மேலே புதிதாக எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இப்படிப் பன்னிரண்டு வருடத்தில் நாலு லட்சம் வரி சேர்ந்திருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு ஜீவனுக்கும் தெரியாது.

பரஞ்சோதியிடம் தும்பி என்ற ஏஐ உதவியாளர் இருந்தது. கேட்டால் போதும், கண் சிமிட்டும் நேரத்தில் நிரல் எழுதித் தரும். ஆனால் அந்த நாலு லட்சம் வரியும் கிடந்த நிரல் கிடங்குக்குள் அதற்குப் பார்வை கிடையாது. மானையும் சிறுத்தையையும் எப்படிப் பிரிப்பது என்று கேட்டபோதெல்லாம், "அருமையான கேள்வி!" என்று சொல்லிப் புதிதாக ஒரு நேரப் பிரிப்பானை எழுதிக் கொடுத்தது. பதினோரு பிரிப்பான்கள் சேர்ந்தன. சிறுத்தை நாலு மணிக்கே வந்தது.

கடைசியில் பரஞ்சோதி துருவி என்ற கருவியைத் தருவித்தது. கிடங்கு முழுவதையும் துழாவி, எந்த வரி எதை இயக்குகிறது, யார் எப்போது எழுதினார் என்று சொல்லிவிடும் கருவி அது. அதைத் தும்பியோடு இணைப்பதற்குள் தேவாங்கு தலையைப் பிய்த்துக்கொண்டது. அமைப்புக் கோப்பில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. பிறகு துருவி "அனுமதிக்கவா? அனுமதிக்கவா?" என்று நாற்பது முறை கேட்டது. ஆளை விட்டால் போதும் என்று பரஞ்சோதி எல்லாவற்றுக்கும் "ஆம்" அழுத்தியது.

"இப்பச் சொல்லு. சிறுத்தைக்கு ஏன் நாலு மணி?"

"அருமையான கேள்வி! துருவியிடம் கேட்டேன். இரண்டு லட்சத்துப் பதினேழாவது வரி: சிறுத்தை என்றால் மானின் நேரத்தையே கொடு. எழுதியவர், அப்போது பயிற்சி ஊழியராக இருந்த வீரபத்திரன். பக்கத்தில் ஒரு குறிப்பு: சும்மா சோதனைக்கு, நாளைக்கு எடுத்துவிடுகிறேன். வரியை நீக்க, எழுதியவரின் ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டேன்."

"ஐயோ, அனுப்பிட்டியா?"

"நீங்கள்தான் எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்தீர்களே!"

வீரபத்திரன் வந்தார். திரையை மூன்று முறை படித்தார். அவர் கண் கலங்கியதைப் பார்த்துப் பரஞ்சோதிக்கே பாவமாக இருந்தது.

"அப்போ பன்னெண்டு வருஷமா நான் ஓடினது?"

"ஓடினீங்க சார், இல்லேங்கல. மானும் அங்கேயே நின்னுச்சு."

சிறுத்தை மீசையை முறுக்கியது. "எடுத்துடுப்பா அந்த வரியை. அது இல்லாமலே பிடிச்சுக் காட்டுறேன்."

வரி போயிற்று. வெள்ளிக்கிழமை மான்கள் நிம்மதியாகத் தண்ணீர் குடித்தன. செண்பகவல்லி ஒரு கட்டு அருகம்புல் கொண்டுவந்து கொடுத்தது. தேவாங்கு புல் தின்னாது. ஆனாலும் மனசு நிறைந்து வாங்கி மேசை மேல் வைத்துக்கொண்டது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறோம் என்று அதற்குத் தோன்றியது.

அந்த சந்தோஷம் திங்கட்கிழமை வரை நீடித்தது. அன்றைய கூட்டத்தில் வீரபத்திரன் உண்ணாநோன்பின் பெருமையைப் பற்றிப் பேசினார். முயல்கள் குறிப்பெடுக்காமல் வாசலருகே நின்றே கேட்டன. கூட்டம் முடிந்ததும் அவர் நேராகப் பரஞ்சோதியின் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"ஏம்ப்பா பரஞ்சோதி, நீ எவ்வளவு வேகமா ஓடுவே?"

"நான் ஓட மாட்டேன் சார். மெதுவாத்தான் நடப்பேன்."

"அப்படியா?" என்றபடி அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தேவாங்கு இனத்தில் எவரும் அதுவரை அத்தனை வேகமாகத் தட்டச்சு செய்ததில்லை. பழைய வரி பழைய இடத்துக்கே வந்தது. எழுதியவர் என்ற இடத்தில் "இயற்கை" என்று போட்டது. கையோடு துருவியின் இணைப்பையும் பிடுங்கியது.

"அருமையான மாற்றம்!" என்றது தும்பி.

மணி நாலானது. வீரபத்திரன் குளக்கரைக்குப் போய், பழைய கம்பீரத்தோடு திரும்பி வந்தார். செண்பகவல்லிக்கு மீதி வாலும் போயிற்று. அதன் புகாருக்கு "தீர்க்கப்பட்டது" என்று பதிலும் போயிற்று.

சொன்னபடியே மான்கள் மூட்டை கட்டிக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே குளக்கரையில் ஆளுக்கொரு டோக்கன் கொடுத்தார்கள். அந்தக் காட்டுக்கும் இதே மென்பொருளை விற்றது பரஞ்சோதியின் துறைதான்.

நீதி: ஒரு பிழையைத் திருத்தும் முன், அதனால் யார் வயிறு நிறைகிறது என்று பார். அவரோடு அறையில் நீ மட்டும் இருந்தால், அது பிழையே அல்ல.